விராலிமலைக்குப் போன கடிதங்கள்

உறுதி செய்துகொண்டவற்றை மட்டுமே இங்கே எழுதுகிறேன். என் முன்னால் ஒரு பாஸ் புத்தகமும், வங்கி எனக்கு விடுத்த ஒரே கடிதமும், நான் ஒப்பமிட்டுக் கொடுத்த வாக்குமூலத்தின் படியும் இருக்கின்றன. இவற்றில் உள்ளவை, நான் கண்டவை, என் காதால் கேட்டவை ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் இதில் இடம்பெறாது. ஒரு சிறு சேமிப்புக் கணக்கைப் பற்றி எழுதுவதற்கு இத்தனை கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர் இருக்கலாம். ஆராயாமல் உறுதியாகச் சொன்ன ஒரு வாக்கியத்தால் நான் ஒன்றை இழந்தேன். அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை, நன்றாகவே அமைந்திருந்தது. அதன்பின் நன்றாக அமையும் வாக்கியங்களை நான் நம்புவதில்லை.

எவருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. வங்கியின் பெயரும் வேண்டாம். அது இப்போது இல்லை.

புதுக்கோட்டை அப்போது மன்னராட்சியில் இருந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. நகரத்துப் பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியன். என் ஊர் வல்லத்திராக்கோட்டை. என் மனைவியின் ஊர் அரிமளம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கீழ ராஜ வீதிக்குப் பின்னுள்ள சந்து ஒன்றில், இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீட்டில் பதினாறு ஆண்டுகள் குடியிருந்தோம். ஒரு கார்த்திகை மாதத்தில் ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்து அவள் இறந்தாள். காரியங்கள் முடிந்து, உறவினர் அனைவரும் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் ஏறிப் போனபின், வீட்டில் என் மரக்கட்டை மிதியடியின் ஓசை எனக்கே அதிகமாகக் கேட்டது. வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினேன்.

அரிசி எந்தப் பானையில் இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியாது. தேடியபோது, புளிப்பானைக்குப் பின்னால், பழைய புடவைத் துண்டில் சுற்றிய இரும்புப் பெட்டி ஒன்று அகப்பட்டது. செங்கல்லளவு இருக்கும். மேலே காசு போடும் பிளவும், பக்கத்தில் சாவித் துளையும் இருந்தன. சாவி இல்லை. மூடியில் வங்கியின் முத்திரையும் ஓர் எண்ணும் பொறித்திருந்தன. பெட்டியோடு பாஸ் புத்தகமும் இருந்தது.

அக்காலத்துச் சிறு வங்கிகள் சில இவ்வாறு பெட்டிகளை வீடுகளுக்குக் கொடுத்துவந்தன. பெட்டி வீட்டில் இருக்கும். சாவி வங்கியில் இருக்கும். நிறைந்ததும் கொண்டுபோனால், அவர்கள் திறந்து எண்ணிக் கணக்கில் சேர்த்துக்கொண்டு பெட்டியைத் திருப்பித் தருவார்கள். பெட்டிக்கு வாடகை உண்டு.

பாஸ் புத்தகத்தை அன்றே படித்தேன். கணக்கு தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வரவுகள் எல்லாம் அணாக் கணக்கில் இருந்தன. ஒரே ஒரு முறை ஒன்றரை ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்டி வாடகையாக எட்டணாவும், இருப்பு பத்து ரூபாய்க்குக் குறைந்ததற்காக மற்றோர் எட்டணாவும் கழிக்கப்பட்டிருந்தன. மீதம் ஒன்பது ரூபாய் நான்கணா. பத்து ரூபாயை எட்டிவிடக்கூடாது என்று எவரோ அவள் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்ததுபோல் அப்பக்கங்கள் தோன்றின.

அவளுக்கு ஒரு கணக்கு இருந்ததை நான் அறிந்திருக்கவில்லை. அந்தப் பணம் எனக்குத் தேவைப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஆயினும் நான் வங்கிக்குப் போனதற்குப் பணம் மட்டும் காரணமன்று. அவள் தனியாகத் தொடங்கியதை அவளுடைய கணவன் என்ற முறையில் நான் முடித்துவைக்கவேண்டும் என்று எண்ணினேன். அவளுக்காகச் செய்வதற்கு எஞ்சியிருந்த வேலை அது ஒன்றே.

வங்கி பத்து மணிக்குத் திறந்து இரண்டு மணிக்கு மூடும். பள்ளியும் பத்து மணிக்குத் தொடங்கும். ஆகையால் ஒவ்வொரு முறையும் அரைநாள் விடுப்பு எடுக்கவேண்டியிருந்தது. முதல் நாள் கம்பி வலைக்கு அப்பால் இருந்த கணக்கர், தலை நிமிராமல், "அங்கிட்டு உக்காருங்க" என்றார். சுவரோரத்துப் பலகையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின் வந்த மூவர் காரியம் முடித்துப் போனார்கள்.

"யாரு கணக்குங்க?"

"என் மனைவியின் கணக்கு. அவள் சென்ற மாதம் இறந்துவிட்டாள்."

அவர் பாஸ் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். "பழைய பேரேட்டைத் தேடணும். தேடுறதுக்கு ஒரு ரூபா. கணக்குலயே பிடிச்சுக்குவோம்."

"எண்ணும் பெயரும் அதிலேயே இருக்கின்றனவே. தேடுவதற்கு என்ன இருக்கிறது?"

"வாத்தியாரா நீங்க?" என்று கேட்டு முதன்முறையாக என்னை நோக்கினார். "பேச்சுலயே தெரியுது. தேடாம எப்படிங்க எடுக்குறது?"

பேரேடு அவருடைய நாற்காலிக்குப் பின்னாலேயே இருந்தது. எழாமலே திரும்பி எடுத்தார். விரலை வரிமேல் ஓட்டியவர் நின்றார். என் பெயரைக் கேட்டார், சொன்னேன்.

"அந்தப் பேரு இதுல இல்லையேங்க. புருஷன் பேருன்னு வேற பேரு இருக்கு. ஊரும் விராலிமலைன்னு போட்டிருக்கு."

"நான்தான் கணவன். விராலிமலையில் எங்களுக்கு எவரும் இல்லை."

"இருக்கலாங்க. ஆனா பொஸ்தகத்துல இருக்குறவருதான் எங்களுக்குப் புருஷன்."

வாசலில் நின்ற சேவகர் சிரித்துவிட்டார். கணக்கர் தாம் சொன்னதை உணர்ந்து, அதே சிரிப்பை அடக்கிக்கொண்டு பேரேட்டை மூடினார். எங்கள் வீட்டுக்கு ஒருபோதும் வராத கட்டண அறிவிப்புகள் எங்கே போயின என்று கேட்டேன். "எல்லாம் விராலிமலைக்குத்தான். அப்படி ஆளு இல்லைன்னு திரும்பி வந்துரும். அந்தத் தபால் செலவையும் கணக்குலதான் பிடிக்கிறோம்" என்றார், ஏதோ உதவி செய்வதைச் சொல்வதுபோல.

வீட்டுக்கு வந்தேன். விராலிமலை புதுக்கோட்டையிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய ஊர். அடுத்த ஒரு வாரம் நான் எண்ணியவற்றை இங்கே எழுதவில்லை. அவை உறுதி செய்யப்பட்டவை அல்ல.

அடுத்த வீட்டில் எண்ணெய்க் கடைக்காரர் ஒருவர் குடியிருந்தார். அவருடைய மனைவியும் என் மனைவியும் கொல்லைக் கிணற்றடியில் பேசிக்கொண்டிருப்பார்கள். என்னோடு அந்த அம்மாள் பேசியதில்லை. எட்டாம் நாள் கிணற்றுச் சுவருக்கு இப்பால் நின்று, பெட்டியைப் பற்றி ஏதேனும் தெரியுமா என்று கேட்டேன். சுவருக்கு அப்பால் வாளியின் ஓசை நின்றது.

"நாந்தாங்க கூடப் போனேன்" என்று குரல் மட்டும் வந்தது. "ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"விராலிமலை என்று எழுதியிருக்கிறார்கள்."

அவர் சிரிப்பது கேட்டது. "அட, அப்படியா எழுதிவச்சிருக்காரு அந்த மனுஷன்? அது வந்துங்க, புருஷன் பேரச் சொல்லுன்னாரு. அவுக எப்படிச் சொல்லுவாக? என்னையச் சொல்லச் சொன்னாக. எங்க மாமனாருக்கும் ஒங்க பேருதான். நான் எப்படிங்க சொல்றது? ரெண்டு பேரும் முந்தானைய வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே நிக்கிறோம். அவருக்குக் கோவம் வந்துருச்சு. சொல்றதுன்னா சொல்லு, இல்லாட்டிப் போன்னாரு. அப்பத்தான் அவுக, விராலிமலையில இருக்காருல்ல, அவருன்னாக. அவரு என்னமோ எழுதிக்கிட்டாரு."

கணவன் பெயரையும் மாமனார் பெயரையும் பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத வழக்கம் எங்கள் பக்கத்தில் எல்லாக் குடும்பங்களிலும் இருந்தது. விராலிமலைமேல் கோயில் கொண்டுள்ள கடவுளுக்குப் பெயர்கள் பல. அவற்றுள் ஒன்றை என் பெற்றோர் எனக்கு இட்டனர். கணக்கர் வேறொன்றை எழுதிக்கொண்டு, மலையை என் ஊராகவும் ஆக்கிவிட்டார். மூன்று ஆண்டுகளாகப் பெட்டி வாடகையும் இருப்புக் குறைவும் பற்றிய அறிவிப்புகள் கடவுளின் முகவரிக்குப் போய்த் திரும்பியிருந்தன.

"அவுக அப்படிச் சிரிச்சு நான் அதுக்கு முந்திப் பாத்ததில்லைங்க" என்றார் அந்த அம்மாள்.

நானும் பார்த்ததில்லை. நான் கணவன் என்பதால் என் பெயரைச் சொல்ல முடியாமல் அவள் சிரித்திருந்தாள் என்பது ஒரு வாரம் எரிந்த நெஞ்சுக்குப் போதுமானதாக இருந்தது. வேறொன்றும் கேட்காமல் உள்ளே போனேன். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் பின்னர் நேர்ந்தது நேர்ந்திராது.

நடந்ததை விளக்கி விண்ணப்பம் எழுதினேன். கணக்கர் அதை வாசித்து, "நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். பிறகு அச்சிட்ட தாளில்தான் விண்ணப்பிக்கவேண்டும் என்று சொல்லி, இரண்டணா வாங்கிக்கொண்டு ஒரு தாளைக் கொடுத்தார். கிளையின் தலைவரான ஏஜெண்டைப் பார்க்கவேண்டும் என்றேன். "வந்தா வருவாருங்க" என்றார். ஏஜெண்டு ஐந்து முறை வரவில்லை. ஆறாம் முறை வந்திருந்தார். ஆனால் மணி இரண்டாகியிருந்தது. நீதிமன்றத்தில் வாரிசுச் சான்று பெற்றுவரலாம் என்று ஒருமுறை சொன்னார்கள். விசாரித்தேன். அதற்கு ஆகும் செலவு கணக்கில் இருந்த தொகையைவிட மிகுதி.

இதற்கிடையில் ஓர் அரையாண்டு முடிந்து மேலும் ஒரு ரூபாய் குறைந்தது. திறக்காத பெட்டிக்கு வாடகை ஏன் என்று கேட்டேன். பெட்டி வீட்டில் இருக்கிறதல்லவா என்றார் கணக்கர். அப்படியானால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். "கணக்குக்காரவுக கொண்டாந்தாத்தாங்க வாங்குவோம்."

"அவள் இறந்துவிட்டாள்."

"அதாங்க சொல்றீங்க. பொஸ்தகத்துல இன்னும் ஏறலையே."

அந்நாட்களில் மாலையில் பெட்டியைக் கையிலெடுத்து ஒருமுறை அசைத்துப் பார்ப்பேன். உள்ளே காசுகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடும் ஓசை கேட்கும். வீட்டில் நான் உண்டாக்காத ஓசை ஒன்று இருந்ததென்றால் அது அதுவே. அதையும் நான்தான் உண்டாக்கினேன்.

ஒருவழியாக ஏஜெண்டு அகப்பட்டார். வெளியூர்க்காரர், மரியாதை தெரிந்தவர். என் விண்ணப்பத்தைப் படித்து, விராலிமலை வந்த இடத்தில் புன்னகை செய்தார். தொகை சிறியது, ஊரறிந்த இருவர் கையொப்பமிட்டுக் கொடுத்தால் தாமே முடித்துவிடலாம் என்றார். எங்கள் தலைமையாசிரியரும், அரிமளத்திலிருந்து வந்த என் மைத்துனரும் ஒப்பமிட்டார்கள். குறித்த நாளில் அந்தத் தாளோடும் பெட்டியோடும் போனேன். அன்று என்னைப் பலகையில் உட்காரவைக்கவில்லை. ஏஜெண்டின் மேசைக்கு எதிரே நாற்காலி போட்டார்கள். கணக்கர் பெட்டியின் சாவியை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"ஒரே ஒரு சங்கதிதான் பாக்கி" என்று ஏஜெண்டு ஓர் அட்டையை என் பக்கம் திருப்பினார். "கணக்கு ஆரம்பிக்கும்போது வாங்குன கையெழுத்து. இது ஒங்க சம்சாரத்தோடதுதானே? ஆமான்னா முடிஞ்சுது."

அட்டையில் என் மனைவியின் பெயர் தமிழில் எழுதப்பட்டிருந்தது. எழுத்துகள் பெரியவை. மை இரண்டு இடங்களில் ஊறியிருந்தது. கோட்டின்மேல் தொடங்கிய பெயர் போகப்போக மேலேறி, கடைசி எழுத்து கோட்டைவிட்டு ஒரு விரல் உயரத்தில் நின்றது. ஆனால் எழுத்து ஒவ்வொன்றும் முழுமையாக இருந்தது. சுழிகள் சுழிகளாக இருந்தன. ஆயிரக்கணக்கான கையெழுத்துகளைத் திருத்திய என் கண், இது அண்மையில் எழுதக் கற்ற ஒருவருடையது என்று உடனே கண்டுகொண்டது. அவ்வளவுதான் கண்டுகொண்டது.

"இது என் மனைவியின் கையொப்பமாக இருக்க முடியாது" என்றேன். "அவளுக்கு எழுதத் தெரியாது."

ஏஜெண்டு கணக்கரைப் பார்த்தார். என்னைப் பல மாதங்கள் காக்கவைத்த அந்தக் கணக்கர், சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தணிந்த குரலில், "அய்யா, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

"யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. பதினாறு ஆண்டுகள் உடன் வாழ்ந்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

உண்மையைத் தவிர வேறெதையும் சொல்லிப் பணம் பெறக்கூடாது என்ற உறுதியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன் என்பது நினைவிருக்கிறது. ஏஜெண்டு பெருமூச்சு விட்டார். "அப்படின்னா இந்தக் கணக்கு ஒங்க சம்சாரத்தோடது இல்லைங்க. வேற யாரோட பெட்டியோ ஒங்க வீட்டுல இருக்கு. நான் என்ன செய்றது?" நான் சொன்னதை எழுதி ஒப்பம் கேட்டார்கள். எழுதிய இரண்டு வாக்கியங்களும் தளர்ந்திருந்தன. அவற்றைத் திருத்திக் கொடுத்து ஒப்பமிட்டேன். அதன் படிதான் இப்போது என் முன்னால் இருக்கிறது. கணக்கர் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

அன்று மாலை கிணற்றுச் சுவருக்கு இப்பால் நின்று, அவளுக்காக அந்த அம்மாள் கையொப்பமிட்டாரா என்று கேட்டேன்.

"நான் கைநாட்டுங்க. அவுகதான் போட்டாக. பேனாவ வாங்கி, மெதுவா, ஒவ்வொரு எழுத்தா. பின்னால நின்ன ஆளுக சத்தம் போட்டாங்க. அவுக நிமுந்துகூடப் பாக்கல."

"யார் கற்றுக்கொடுத்தது?"

சுவருக்கு அப்பால் வாளியைக் கல்லின்மேல் வைக்கும் ஓசை கேட்டது.

"ஒங்ககிட்டதான் கத்துக்கிட்டாகன்னு நெனச்சேங்க" என்றார்.

அடுத்த வாரமே மீண்டும் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். ஏஜெண்டு இல்லை. கணக்கரிடம் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை, களைத்தவராகத் தெரிந்தார். "போன வாரம் தெரியாதுன்னீங்க. இந்த வாரம் தெரியும்கிறீங்க. நாங்க எதை எழுதிக்கிறதுங்க? ஒங்க கையெழுத்தே இருக்கு." அட்டையை மீண்டும் ஒருமுறை காட்டும்படி கேட்டேன். கணக்குக்குச் சம்பந்தமில்லாதவருக்குக் காட்டுவதற்கில்லை என்றார். விதி அவ்வாறுதான் இருந்தது.

பிறகு இரண்டு ஆண்டுகள் முயன்றேன். தலைமை அலுவலகத்துக்கு நான்கு கடிதங்கள் எழுதினேன். விடையில்லை. உள்ளூர் ஏஜெண்டு மாறினார்; புதியவரிடம் முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. அவர் பழைய பேரேட்டைத் தேடச் சொன்னார். தேடியதற்கு ஒரு ரூபாய். அவர் மீண்டும் தேடச் சொன்னார். மீண்டும் ஒரு ரூபாய். அரையாண்டுகள் தவறாமல் முடிந்தன. அறிவிப்புகள் விராலிமலைக்குப் போய்த் திரும்பின. ஒவ்வொரு முறையும் பலகையில் உட்கார்ந்து, சேவகர் வரிசை மாற்றி ஆட்களை உள்ளே விடுவதைப் பார்த்திருந்தேன். பணத்தைக் கேட்பதை எப்போது நிறுத்தினேன் என்று சொல்லத் தெரியவில்லை. கடைசி ஆண்டில் நான் கேட்டதெல்லாம் இரண்டுதான்: அவளுடைய கணவன் நான் என்று எழுதிக்கொள்ளவேண்டும், அட்டையை ஒருமுறை காட்டவேண்டும்.

போர் முடிந்த சில மாதங்களில் வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அது விராலிமலைக்குப் போகவில்லை. நேராக என் வீட்டுக்கே வந்தது. உறையின்மேல் என் பெயர் இல்லை. "பெட்டியை வைத்திருப்பவருக்கு" என்றும், அதன்கீழ் என் முகவரியும் எழுதப்பட்டிருந்தன. கணக்கில் இருந்த தொகை முழுவதும் கட்டணங்களுக்கு ஈடாகிவிட்டதால் கணக்கு முடிக்கப்பட்டது என்றும், பெட்டி வங்கியின் உடைமையாதலால் பதினைந்து நாளுக்குள் ஒப்படைக்கவேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது.

மறுநாள் கொண்டுபோனேன். அன்று காத்திருக்க நேரவில்லை. அதே கணக்கர் பெட்டியின் எண்ணைப் பார்த்து, ஆணியிலிருந்து சாவியை எடுத்துத் திறந்து, மேசைமேல் கவிழ்த்தார். அத்தனையும் அம்மன் காசு. எங்கள் சமஸ்தானத்துச் செப்புக்காசு. கடைத்தெருவில் செல்லும், அந்த வங்கியில் செல்லாது.

"இதெல்லாம் இங்க எடுக்க மாட்டோம். அவுககிட்டயும் சொன்னதுதான். வெளியில மாத்திக் கொண்டாரச் சொன்னோம், மாத்துற எடத்துல வட்டம்னு காசு பிடிக்கிறாங்கன்னு சொன்னாக" என்றார். "எடுத்துக்கங்கய்யா."

"நான் யாரென்று உறுதியாகவில்லையே."

"பெட்டியக் கொண்டாந்தவுக எடுத்துக்கலாங்க. அதுக்கு ஒண்ணும் வேணாம்."

மேல்துண்டை மேசைமேல் விரித்தேன். அவர் இரு கைகளாலும் காசுகளை ஒதுக்கித் தந்தார். இரண்டு கீழே உருண்டன. குனிந்து எடுத்தும் கொடுத்தார். அட்டையைக் கேட்டேன். கணக்கு முடிந்தால் அட்டையைக் கிழித்துவிடுவது வழக்கம் என்றும், போன வாரமே கிழித்தாகிவிட்டது என்றும் சொன்னார். அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். இருந்ததாக எழுத எனக்குச் சான்றில்லை. பிறகு பெட்டி ஒப்படைத்த பற்றுச்சீட்டை நீட்டினார். "கொண்டுவந்தவர்" என்று அச்சிட்டிருந்த இடத்தில் ஒப்பமிட்டேன். அந்த வங்கியின் ஏடுகளில், என் விண்ணப்பங்களையும் வாக்குமூலத்தையும் தவிர, அவள் பெயருக்கு அருகில் என் பெயர் இருந்திருந்தால், அது அந்த ஒரு சீட்டில்தான்.

வீட்டுக்கு வந்து எண்ணினேன். இருநூற்றுப் பதினேழு காசுகள். பெட்டி இல்லாததால் புளிப்பானைக்குப் பின்னால் அதே புடவைத் துண்டில் முடிந்துவைத்தேன். அசைத்தால் முன்போல் ஓசை வருவதில்லை. துணி அதை விழுங்கிவிடுகிறது.

அவள் எதற்காகச் சேர்த்தாள் என்பது எனக்குத் தெரியாது. அடுத்த வீட்டு அம்மாளுக்கும் என் மைத்துனருக்கும் தெரியவில்லை. மாலைகளில் என் வீட்டில் மாணவர் சிலருக்குப் பாடம் சொல்லி வந்தேன். அடுக்களைக் கதவு திறந்தே இருக்கும். இவ்விரண்டும் உண்மை. இவற்றைச் சேர்த்து மூன்றாவதாக ஒரு வாக்கியம் எழுதக் கை நீள்கிறது. எழுதவில்லை. அவளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் யார், எப்போது கற்றாள், தன் பெயரைத் தவிர வேறு எதையேனும் அவள் எழுதினாளா, எழுதியிருந்தால் அது எங்கே இருக்கிறது: இவை தெரியவில்லை.